மூன்றாவது ஜம்பர்

இன்று காலை பெக்டரிக்கு மெஷினுக்கான புதிய சர்க்யூட் கார்டு ஒன்று வந்தது. பளபளக்கும் பையைக் கிழித்ததும், புது பிளாஸ்டிக்கும் ஈயப் பற்றும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியது. என்னை அறியாமல் இடப்பக்கம் திரும்பினேன். பிறை ஊரில் இந்தப் பெக்டரியில் நாம் சேர்ந்து வேலை செய்த ஐந்து வருடமும் நீ அந்தப் பக்கம்தான் நிற்பாய். நீ இறந்துபோய் ஒரு மாதம் ஆகிவிட்டது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

நான் டிப்ளோமா முடித்து டெக்னீஷியனாக வந்தவள். நீ தீவில் இருந்த ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டிலிருந்து பஸ் பிடித்து, கடல் தாண்ட ஃபெரி ஏறி, முதலில் ஈயப்பற்று வைக்கும் வரிசையில் உட்கார்ந்தவள். இரண்டே வருடத்தில் என் பக்கத்து மேசைக்கு வந்துவிட்டாய். நான் மேனுவலில் பக்கம் தேடிக்கொண்டிருப்பேன். நீ மெஷின் மூடியில் காதை வைத்து, "இடது மோட்டார்தான் லா, கேளு" என்பாய். இடது மோட்டாராகத்தான் இருக்கும். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் உன்னைப் பாராட்டும்போது நானும் சிரிப்பேன். சிரித்துச் சிரித்து என் தாடை வலித்த நாட்கள் உண்டு.

நம் இருவரில் ஒருவரை மூன்று மாதப் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்பப்போவதாகச் சொன்ன வாரம் அது. துளை போடும் மெஷினின் கன்ட்ரோலர் கார்டு எரிந்துபோய், புதிது வந்திருந்தது. மெஷினின் மேசையை முன்னும் பின்னும் நகர்த்துவது அந்தக் கார்டுதான். அதில் வரிசையாக ஜம்பர்கள். மூன்று ஊசிகளில் இரண்டை மூடும் கறுப்புத் தொப்பி, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. இடப்பக்கம் மாட்டினால் ஒரு பொருள், வலப்பக்கம் மாட்டினால் வேறு பொருள். மூன்றாவது ஜம்பர் முக்கியமானது. மேசை ஓடும் தண்டவாளத்தின் முனையில் இருக்கும் சுவிட்சை அது தொட்டதும் மோட்டார் நிற்க வேண்டுமா, வேண்டாமா என்பது அதில்தான் இருந்தது.

பெட்டியை முதலில் பிரித்தது நான். மேனுவலோடு ஒரு மஞ்சள் துண்டுக் காகிதம் இருந்தது. இந்தப் புதிய கார்டில் மூன்றாவது ஜம்பரின் பக்கங்கள் மாறியிருப்பதாக அதில் நாலு வரி. படித்தேன். மடித்து என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

நீ பழைய கார்டைப் பக்கத்தில் வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு தொப்பியாக மாட்டினாய். கொஞ்ச நேரம் திணறட்டும், கரண்ட் போடுவதற்கு முன்னால் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இதை நீ நம்ப வேண்டும். ஆனால் அந்த நேரம் பார்த்துச் சூப்பர்வைசர் வந்து, "முடிஞ்சுதா? மேல இருந்து கேக்கிறாங்க" என்றார். "முடிஞ்சுது அண்ணே" என்று நீ மோட்டாருக்குக் கரண்ட் போட்டாய். மேசை ஓடியது. முனையைத் தொட்டது. நிற்கவில்லை. அந்தச் சத்தத்தில் வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். உள்ளே இருந்த திருகுத் தண்டு வளைந்து, மெஷின் இரண்டு வாரம் படுத்துவிட்டது.

"என் தப்புதான்" என்றாய் உடனே. "முதல்ல அந்த முனை சுவிட்சைக் கையால அமுக்கிப் பார்த்திருக்கணும். பார்க்கல."

மஞ்சள் காகிதம் என் சட்டைப் பையிலேயே இருந்தது. ஜப்பானுக்கு நான் போனேன். திரும்பி வந்தபோது உன் மேசையில் வேறொருத்தி இருந்தாள். நீ தீவுப் பக்கமே ஒரு பெக்டரியில் சேர்ந்து, ஃபெரி ஏறுவதையே விட்டிருந்தாய். அங்கே நீ சூப்பர்வைசர் ஆனதாகச் செய்தி வந்தது. நான் அப்போதும் டெக்னீஷியன்தான். உன்னிடமிருந்து எடுத்துக்கொண்ட பயணம் கூட என்னை உன்னைத் தாண்டவிடவில்லை.

ஏழு வருடம் கழித்து ஆயர் ஈத்தாம் பாசாரில் உன்னைப் பார்த்தேன். கையில் கங்கோங் கீரைக் கட்டு. ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய், "உன்கிட்ட ஒன்னு சொல்லணும், அந்தக் கார்டு..." என்று ஆரம்பித்தேன்.

"மஞ்சக் காகிதம்தானே?" என்றாய். "பெட்டி மேல இருந்த பட்டியல்ல காகிதம் ரெண்டுன்னு போட்டிருந்துச்சு. உள்ள ஒன்னுதான் இருந்துச்சு. மெஷின் உடைஞ்சப்புறம் பார்த்தா, உன் சட்டைப் பையில மஞ்ச முனை தெரிஞ்சுது. அன்னிக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"எனக்கும் கோவம்தான். உன் மூஞ்சியப் பார்க்கப் பிடிக்காமத்தான் வேலையை விட்டேன். ஆனா அமுக்கிப் பார்க்காம கரண்ட் போட்டது நான்தானே? அதை உன் தலையில எப்படிப் போடுறது?"

மன்னிப்புக் கேட்க ஏழு வருடம் ஒத்திகை பார்த்து வந்தவள் நான். அந்த இடத்திலும் நீ எனக்கு முன்னால் போய் நின்றுவிட்டாய். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு நிம்மதி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. உன் இறுதிச் சடங்கிலும் அதே எரிச்சல். உன் பெக்டரிப் பெண்கள் யூனிஃபார்மோடு வந்து அழுதார்கள். எனக்கு இப்படி யார் வருவார்கள் என்றுதான் என் மனம் கேட்டது.

இன்று மதியம் ஆபீசுக்குப் போய், அந்த விபத்தின் அறிக்கையைக் கேட்டு வாங்கினேன். காரணம் என்ற இடத்தில் உன் பெயர் மட்டும் இருந்தது. புதிய மேனேஜர், "அந்த மெஷினே இப்போ இல்ல அக்கா, இது எதுக்கு?" என்றார். "இருக்கட்டும் தம்பி" என்று உட்கார்ந்தேன். எச்சரிக்கைத் தாளை மறைத்தது நான் என்று ஒரே ஒரு வரி எழுத வேண்டும். பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தேன். தேநீர் ஆறி ஆடை கட்டியது.

எழுதிவிட்டேன். நீயாக இருந்தால் நின்றுகொண்டே எழுதிவிட்டுப் போயிருப்பாய். எனக்கு அப்படி வரவில்லையே என்ற பொறாமையோடுதான் கையெழுத்துப் போட்டேன்.