வெளுத்ததெல்லாம் கரண்டிவாயன்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்றும் ஏரிக்குப் போகவில்லை. மாவட்டப் பறவைக் குழுவின் ஞாயிறு நடை. விடிந்ததுமே வாட்ஸப்பில் படங்கள் வர ஆரம்பித்துவிட்டன. படுக்கையில் கிடந்தபடியே ஒன்றுவிடாமல் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடிந்தால்தானே.

எழுதிவிட்டால் மனசு ஆறும் என்கிறார் இவர், என் வீட்டுக்காரர். சரி, எழுதுகிறேன். போன மாதம் மூடுபனிக் காலை ஒன்றில், ஏரி நடுவே பட்டமரத்தில் கரண்டிவாயன் ஒன்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். இந்த மாவட்டத்தில் பல வருஷமாக யார் கண்ணிலும் படாத பறவை. வெள்ளை உடம்பு, தொங்கும் அலகு, நுனியில் கரண்டி மாதிரி அகலம். இடத்தைக் குறித்து உடனே குழுவில் போட்டேன். பாதிக் குழு அலறியடித்துக்கொண்டு வந்தது. பல் டாக்டரே பல் விளக்காமல் வந்ததாகக் கேள்வி. பனி விலகியதும் பார்த்தால் அது செருப்புக்கடைப் பை. தொங்கிய கைப்பிடிதான் நான் பார்த்த கரண்டி.

அன்றிலிருந்து நான் 'பை அக்கா'. பெயர் சூட்டியவர் அதே பல் டாக்டர். குழுத் தலைவர். யார் எதைப் பார்த்ததாகப் போட்டாலும் செல்லும், செல்லாது என்று தீர்ப்புச் சொல்கிறவர். 'படம் இல்லையேல் பறவை இல்லை' என்பது அவருடைய வேதவாக்கு.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதுதான் கூடுதல் வேடிக்கை. கண்ணாடிக் கடை. ஊரார் கண்ணைச் சோதித்து பவர் சொல்கிறவள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பீரங்கி கடைக்கு வந்தான். கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன். அவன் கேமரா லென்ஸின் நீளத்துக்காகக் குழுவில் வைத்த பெயர். ஃபிரேம் ஒன்றை மாட்டிக்கொண்டு, "அக்கா, இதைப் போட்டா பையும் பறவையும் தனித்தனியா தெரியுமா?" என்றான். சிரித்தேன். வாடிக்கையாளர் ஆயிற்றே.

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான். பல் டாக்டர் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாராம். பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போய் வாங்கினாராம். என் கடையிலிருந்து அவர் கிளினிக் நாலு கடை தள்ளி.

இதுதான் வலித்தது. கிண்டலைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மெதுவாக எழுதுகிறேன்.

ஏரிப் பக்கம் போகக் கூச்சப்பட்டுத்தான் மூடிக் கிடக்கும் ஐஸ் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கிற குட்டைக்குப் போனேன். கோரைப்புல், சேறு, உடைந்த ஒரு கட்டில். புல்லுக்குள் ஒரு கண். கண்ணைச் சுற்றி வெளிறிய பட்டை, மூக்குக்கண்ணாடி போட்டது போல. தோளை வளைத்து இன்னொரு பட்டை.

மயில் உள்ளான்.

பை இல்லை. பை கண் சிமிட்டாது. நான் அசையாமல் நின்றேன், அதுவும் அசையவில்லை. கொஞ்சம் எழுந்து வயிற்றுக்கடியில் முட்டையைப் புரட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தது. முட்டை! நம்ம ஊர் குட்டையில!

கரண்டிவாயனாவது வந்து போகிற பறவை. மயில் உள்ளான் இந்த மாவட்டத்தில் கூடு கட்டியதாக ஒருவரும் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

இவரிடம் சொன்னேன். பள்ளி வேன் ஓட்டுகிறவர். காலை டிரிப்பை முடித்துவிட்டு வந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உன் கண்ணுக்கு வெளுத்ததெல்லாம் கரண்டிவாயன். இப்ப இது என்ன புதுசா?"

இந்த இனத்தில் பெண்ணுக்குத்தான் பளிச்சென்ற நிறம். முட்டை போட்டதோடு அடுத்த துணையைத் தேடி அக்கம்பக்கம் கூவித் திரியும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்தான் என்று விளக்கினேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"பொம்பளை ஊர் சுத்தும், ஆம்பளை வீட்டைப் பாத்துக்கும். இதுக்கு எதுக்கும்மா குட்டை வரைக்கும் போனே? இங்கயே பாத்திருக்கலாமே."

ஆகஸ்ட் 15, வெள்ளி

படம் எடுத்துவிட்டேன். பைனாகுலரில் போனை வைத்து எடுத்தது. கொஞ்சம் மங்கல், ஆனாலும் கண்பட்டை, தோள்பட்டை எல்லாம் தெளிவு. பல் டாக்டராலேயே மறுக்க முடியாது. ஒரு விரல் அழுத்தினால் போதும், பை அக்கா இன்றோடு ஒழிந்தாள்.

அழுத்தவில்லை. போன வருஷத்து ஆந்தை நினைவுக்கு வந்தது. மரப்பொந்தில் ஆந்தைக் கூடு என்று பல் டாக்டர்தான் இடத்தோடு போட்டார். கேமராக்கள் படையெடுத்தன. படத்துக்கு மறைக்கிறது என்று யாரோ கிளையை வெட்டினார்கள். ஆந்தை முட்டையை விட்டுப் போய்விட்டது. ஆந்தைக்காவது மரம் இருந்தது. இது தரையில் உட்கார்ந்திருக்கிறது. பீரங்கியின் ஒரு கால் போதும்.

ஆனால் என் பெயர்? அதை யார் அடைகாப்பது?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

போடலாமா? வேண்டாமா? மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

சாயங்காலம் குட்டைக்குப் போனால் கோரைக்கு இந்தப் பக்கம் ஒரு தொப்பி. பல் டாக்டர்.

"சும்மா நடந்து வந்தேன்," என்றார்.

"நானும் சும்மாதான்," என்றேன்.

இருவர் கழுத்திலும் பைனாகுலர். சேற்றில் முழங்கால் வரை இறங்கிச் சும்மா நடக்கிற இரண்டு பேர்.

அவர்தான் முதலில் உடைந்தார். போன வாரம் பெட்டைப் பறவையின் குரலைக் கேட்டாராம். காலி பாட்டிலின் வாயில் ஊதுவது போல மெல்லிய குரல். கேட்ட மறுநிமிஷமே தெரிந்துவிட்டதாம். "குழுவுல போடலையா?" என்று கேட்டேன். தொப்பியைக் கழற்றி மடித்தார்.

"அந்த ஆந்தை நான் பண்ணின பாவம்மா. மறுபடி என்னால முடியாது. நீங்க போடப் போறீங்களா?"

தலையசைத்து இல்லை என்றேன். சொன்ன பிறகுதான் முடிவெடுத்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

கூடு எங்கே என்று காட்டினேன். "ஆமா, ஆமா, அருமை," என்றார். அவருடைய பைனாகுலர் நான் காட்டிய புதரை விட்டுவிட்டு உடைந்த கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 23, சனி

நெருப்பு பக்கத்தில் வந்துவிட்டது. மத்தியானம் பீரங்கி குழுவில் கேட்டான்: "ஐஸ் ஃபேக்டரி குட்டையில ஏதோ புதுக் குரல் கேக்குதுன்னு நாய் கூட்டிட்டுப் போறவர் ஒருத்தர் சொன்னார். நாளைக்கு நடையை அங்க வச்சுக்கலாமா? யாராவது போயிருக்கீங்களா?"

கட்டைவிரல்கள் வரிசையாக உயர்ந்தன. ஒன்பது பேர் வருகிறோம் என்றார்கள். பல் டாக்டர் 'எழுதுகிறார்' என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதினார். மறுபடி நின்றது. பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லை. தீர்ப்புச் சொல்லித்தான் பழக்கம்.

முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு? நான் எழுதினேன்:

"நான் காலையில போனேன். தூரத்துல வெள்ளையா, பெருசா ஒண்ணு. அலகு கரண்டி மாதிரி இருக்கு. இந்தத் தடவை நிச்சயமா கரண்டிவாயன்தான். எல்லாரும் வாங்க."

கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகங்கள், நூறு இருக்கும். "அக்கா, எந்தக் கடைப் பை?" என்றான் பீரங்கி. கடைசியாகப் பல் டாக்டர்:

"இப்போதுதான் நேரில் போய் வந்தேன். பைதான். குரல், தவளை. நாளை நடை வழக்கம்போல் ஏரியில்."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதேன். எதுக்கு அழறேன்? நானாத்தானே செஞ்சேன்? தெரிஞ்சேதானே செஞ்சேன்? ஆனாலும் — கையில படம் இருக்கு. எல்லார் வாயையும் அடைக்கிற படம்.

இவர் ரசத்தைச் சுட வைத்து எடுத்து வந்தார். "முட்டைக்குச் சொந்தக்காரன் அங்க உக்காந்திருக்கான். உனக்கு எதுக்கு இவ்வளவு பிரசவ வேதனை?" என்றார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஏரி நடைக்குப் போனேன். யாரோ மரக்கிளையில் செருப்புக்கடைப் பை ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். எல்லோரும் அதன் பக்கத்தில் என்னை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். நன்றாகத்தான் விழுந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நான்கு குஞ்சுகள். பஞ்சுக்குக் கோடு போட்டது போல. அப்பன் முன்னால் போகிறான், அவை சேற்றில் விழுந்து எழுந்து பின்னால் ஓடுகின்றன. இவரையும் கூட்டிப் போயிருந்தேன். திரும்பும்போது, "வேன்ல நான் ஏத்திட்டுப் போறதுங்க இதுல பாதி சொன்ன பேச்சு கேட்டாப் போதும்," என்றார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

கடை சாத்தும் நேரத்தில் பல் டாக்டர் வந்தார். தெருவை இருபுறமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்து, சோதனை நாற்காலியில் தானே உட்கார்ந்தார்.

பலகையின் மேல்வரிசை எழுத்தைப் படித்தார். அடுத்ததும் சரி. மூன்றாவதில் நின்றுவிட்டார்.

"புதுசா கண்ணாடி போட்டீங்களே, டாக்டர்?"

"அந்த ஊர்க் கடையில வரிசையில உக்காந்திருக்கும்போதே பலகை மனப்பாடம் ஆயிடுச்சு. கடகடன்னு ஒப்பிச்சிட்டேன். அவன் ஒண்ணுமில்லாத பவரைப் போட்டுக் குடுத்துட்டான்." அந்தக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "உங்ககிட்ட வந்தா கண்டுபிடிச்சிடுவீங்கன்னுதான் பஸ் ஏறினேன். தீர்ப்புச் சொல்றவனுக்குப் பார்வை இல்லைன்னு தெரிஞ்சா யார் மதிப்பாங்க?"

இத்தனை நாள் நான் எதை நினைத்து வெந்துகொண்டிருந்தேன். டாக்டர் எதை நினைத்து.

லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டேன். ஐந்தாவதில் மூச்சை இழுத்துப் பிடித்தார். கடைசி வரிசை வரை படித்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, "அங்க பல்லி," என்றார். செல்லும் என்றேன்.

அப்புறம் என் போனைத் திறந்து அந்தப் படத்தை அவர் கையில் கொடுத்தேன். புது லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், லென்ஸில் தூசி என்றார். தூசி இல்லை, நான் துடைத்துத்தான் மாட்டியிருந்தேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்தினார். "என் கண்ணு விஷயம்... குழுவுல சொல்லிடாதீங்க."

"எதை டாக்டர்? படம் இல்லையேல் பறவை இல்லை," என்றேன்.