ஹைட் என்றால் தோல்

நவம்பர் 12, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஜோலார்பேட்டையிலேயே ரயில் இருபது நிமிடம் லேட். ஆம்பூரில் இறங்கி ஓட்டம். கம்பெனி கேட் மூட ஒரு நிமிடம் இருக்கும்போது உள்ளே. ஃபோன் லாக்கரில். அதற்கப்புறம் மாலை ஐந்தரை வரை நான் உயிரோடு இருக்கிறேனா என்று வெளியே யாருக்கும் தெரியாது.

மறக்கக் கூடாதவை: அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை. புதுக் குடை. லைன் நான்கு ரிஜெக்ட் ரிப்போர்ட் (நேற்றும் மறந்தேன்). ரஃபியாவுக்கு ஃபோன்.

வீட்டுக்கு வந்தால் பார்சல்! அம்மா அதைப் பிரிக்காமல் டி.வி. பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

"இன்னாடி, இவ்ளோ கனம். ஷூவா?"

ஷூ கம்பெனியில் நாள் முழுக்க ஷூ பார்க்கிறவள் காசு கொடுத்து ஷூ வரவழைப்பாளா?

"விளையாட்டும்மா."

"முப்பத்தேழு வயசுல?"

பதில் சொன்னால் அது கல்யாணத்தில் போய் முடியும்.

சாம்பல் ராஜ்யம். வேலூரில் காலேஜ் படிக்கும்போது ஹாஸ்டலில் நான்கு பேர் ஆடியது. போர்டு, காய் எதுவும் கிடையாது. மூன்று பேருக்கு ஆளுக்கொரு பாத்திரம்; 'நான் கதவைத் திறக்கிறேன்', 'நான் ஓடுகிறேன்' என்று வாயால் சொல்ல வேண்டும். அடுத்து என்ன நடக்கிறது என்று சொல்பவள் நாலாமவள், அவளுக்குப் பாத்திரம் கிடையாது. அது நான். விளையாட்டை வெளியிட்ட கம்பெனிக்காரன் இப்போது பழைய உலகங்களை ஒவ்வொன்றாகத் தூசி தட்டி, கலர் படம் போட்டு விற்கிறான். தலை நரைக்க ஆரம்பித்த கூட்டம் வாங்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. வாங்கினேனே.

உள்ளே கதைப் புத்தகம்; கூடவே எண் போட்ட, நிஜமான இருபது முகப் பகடைக் கல் ஒன்று. அன்று எங்களிடம் இருந்ததெல்லாம் டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கிய இருபது துண்டுச் சீட்டுகள்தான்.

நவம்பர் 13, புதன்

வெயில். ரயிலில் உட்கார இடம் கிடைத்தது, அதிசயம். புத்தகத்தை விரித்தேன்.

கோபம்தான் வந்தது. கதை நூறு வருஷத்துக்கு அப்புறம் நடப்பதாக மாற்றிவிட்டார்கள். எங்கள் ஏழு மதில் நகரம் இப்போது வெறும் இடிபாடு. ஒரே வரி: 'மதில்கள் மூடிய பின் உள்ளே இருந்த ஒருவரும் வெளியே வரவில்லை.' எவனோ டீ குடித்துக்கொண்டே எழுதியிருப்பான்.

அந்த உள்ளேதான் மிர்ச்சி இருக்கிறாள். ரஃபியாவின் பாத்திரம், திருடி, வாய் ஜாஸ்தி. கடைசி செமஸ்டரில் அரண்மனையில் மாட்டிக்கொண்டாள். வழி தேடிக்கொண்டிருக்கும்போதே பரீட்சை வந்தது, பிறகு ஆளுக்கொரு திசை. ஒருத்தி கனடாவில் காணாமல் போனாள், இன்னொருத்தி கல்யாணத்தில். மிச்சம் நானும் ரஃபியாவும். பதினாறு வருஷமாக எப்போது பேசினாலும் அவள் கேட்பது, "மிர்ச்சி இன்னா பண்றா?" நான் சொல்வது, "உள்ளதான் இருக்கா." முதலில் அது ஜோக்காக இருந்தது.

மாலை அந்த வரியை ரஃபியாவுக்கு ஃபோனில் படித்துக் காட்டினேன்.

"கல்பூ, நான் திங்கக்கெழம கெளம்புறேன். தெரியும்ல?"

தெரியும். அவள் வீட்டுக்காரர் ஜுபேருக்கு வியட்நாமில் ஷூ ஃபேக்டரி வேலை. மாமியாரைப் பார்த்துக்கொண்டே இத்தனை வருஷம் ஓட்டினாள். கல்யாணத்துக்கு அப்புறம் ஆம்பூரைத் தாண்டி அவள் போனதெல்லாம் வேலூர் ஆஸ்பத்திரிக்குத்தான். போன வருஷம் மாமியார் மௌத்தாகி அடக்கமும் ஆயிற்று.

"நான் போறதுக்குள்ள அவள வெளிய எடுத்துடு. அவள உள்ள வுட்டுட்டு நான் மட்டும் போனா நல்லா இருக்காதுடி."

ஞாயிறு காலை பத்து மணி, அவள் வீட்டில். பெட்டிகளுக்கு நடுவே ஆடலாம் என்றாள். பிரியாணியும் உண்டு.

நவம்பர் 14, வியாழன்

மழை. குடை வாங்கவில்லை. நனைந்தேன்.

ரயிலில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதிர் சீட் அம்மாள் பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எழுதி வைக்கிறேன். எங்களுடையது ஜெராக்ஸ் புத்தகம், விடைப் பக்கங்கள் கிடையாது. அரண்மனைச் சுவரில் தப்பிக்கும் குறிப்பு ஒன்று இருக்கும்: 'ஹைட் அண்டர் த த்ரோன்.' நாலு பேரும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள். நாலு வீட்டிலும் யாராவது தோல் பதனிடும் டேனரிக்குப் போகிறவர்கள். எங்களுக்கு ஹைட் என்றால் மாட்டுத்தோல், ஸ்கின் என்றால் ஆட்டுத்தோல். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? சிம்மாசனத்துக்குக் கீழே ஒரு தோல் இருக்கிறது, அதில் வரைபடம் இருக்கும் என்று முடிவு கட்டினோம். சிம்மாசனத்தைப் புரட்டினோம், தரையைத் தோண்டினோம். மூன்று ஞாயிறு. எருமைத் தோலா பசுத் தோலா என்று சண்டை வேறு. உப்புப் போட்டதா பதனிட்டதா என்று ரஃ. கேட்க, கதை சொல்லி மேதை நான் 'நாற்றத்தை வைத்துக் கண்டுபிடி' என்றேன்.

புதுப் புத்தகத்தில் படம் போட்டிருக்கிறான். சிம்மாசனத்துக்குக் கீழே ஒரு ஆள் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒளிந்துகொள். அவ்வளவுதான். காவலர்கள் வருவார்கள், கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தேடப் போவார்கள், எழுந்து போய்விடலாம்.

வாணியம்பாடி வரை சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. பதினாறு வருஷம் உள்ளே இருந்தது ஒரு வார்த்தைக்காக.

ரஃ.விடம் சொல்லவில்லை. ஞாயிறு நேரில்.

நவம்பர் 15, வெள்ளி

ஞாயிறு வேலை! ஷிப்மென்ட் தேதி முன்னால் வந்துவிட்டதாம். தரம் பார்க்கும் எங்கள் க்யூ.சி. ஆட்கள் எல்லோரும் கட்டாயம். எச்.ஆர். அறைக்குப் போனேன்.

"யாராவது சீரியஸா?"

"இல்ல சார். ஃபிரெண்டு வெளிநாடு போறாங்க."

"எல்லாருக்கும் யாராவது போய்னுதான் இருக்காங்க."

அரை நாள் கேட்டேன். இல்லை. இரண்டு மணி நேரம்? இல்லை. "நீங்களே இப்படிக் கேட்டா லைன்ல இருக்க பொண்ணுங்க இன்னா கேப்பாங்க?" தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேலையை விட்டெறியும் அளவுக்குத் தைரியம் இல்லை, விட்டால் அம்மாவும் நானும் என்ன செய்வோம். இதே கணக்கைப் போட்டே பதின்மூன்று வருஷம் இதே கேட்டுக்குள் போய்விட்டேன்.

நவம்பர் 16, சனி

மூட்டம். மாத்திரை வாங்கியாயிற்று. ரிப்போர்ட் கொடுத்தாயிற்று.

ஞாயிறு வர முடியாது என்று ரஃ.விடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"சாப்பாட்டு மணி எத்தினிக்கு?"

"பன்னெண்டரை. ஆனா வெளிய வுட மாட்டாங்க."

"நீ எதுக்கு வெளிய வரணும்? கேட்டுல கம்பிதானே? செவுரா?"

நவம்பர் 17, ஞாயிறு

தூறல் விட்டு விட்டு. காலையில் பை சோதிக்கும்போது செக்யூரிட்டி ஏகாம்பரம் அண்ணன் கல்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "மோதிரக் கல்லாம்மா?" விளையாட்டுக் கல் என்றேன். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

12.30. சாப்பிடாமல் கேட்டுக்கு ஓடினேன். ரஃ. வந்து நிற்கிறாள், புர்கா ஓரமெல்லாம் சேறு, கையில் பிரியாணி டப்பா. அவள் ரோட்டுப் பக்கம், நான் இந்தப் பக்கம்.

"அரை மணிதான்மா," என்றார் ஏ. அண்ணன். போகாமல் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் ஹைட் விஷயம் சொன்னேன்.

"தோல் இல்லடி. ஒளிஞ்சிக்கோன்னு அர்த்தம்."

கம்பியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். "யா அல்லா. எருமையா பசுவான்னு சண்ட போட்டோமே!" சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அங்கயே குந்திருந்தா போதுமா? அவ்ளோதானா?"

ஆரம்பித்தேன். சிம்மாசன மண்டபம், தூரத்தில் காவலர் சத்தம். பதினாறு வருஷத்துக்கு அப்புறம் குரல் தானாக வந்தது.

"முட்டி போட்டு உள்ள பூந்துட்டேன். மூச்சே வுடல."

"பதினாலோ அதுக்கு மேலயோ விழணும். இல்லன்னா பாத்துடுவாங்க."

கல்லைக் கொடுத்தேன். கம்பிக்கு நடுவே கையை விட்டு உருட்டினாள். கல் என் பக்கம் சிமென்ட் தரையில் ஓடி, என் காலடியில் நின்றது.

மூன்று.

கதை சொல்பவள் கல்லுக்கு மேல் பேசக் கூடாது. ஹாஸ்டலில் அழுதுகூடக் கேட்டிருக்கிறார்கள், ஒரு தடவையும் மாற்றிச் சொன்னதில்லை. குனிந்து எடுத்துக் கையில் மூடிக்கொண்டேன்.

"பதினெட்டு."

ரஃ. தெருவில் நின்று கத்தினாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். காவலர்கள் போனார்கள், கதவு திறந்திருந்தது, மிர்ச்சி ஏழு மதிலையும் தாண்டி நடந்தாள். எப்படி இருக்கிறது வெளியே என்று ரஃ. கேட்டாள். காற்று அடிக்கிறது என்றேன். அதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை.

மணி அடித்தது. டப்பாவைக் கம்பி வழியே கொடுக்க முடியவில்லை, ஏ. அண்ணன் சின்னக் கதவைத் திறந்து வாங்கித் தந்தார். அவள் போன பிறகு மெதுவாக, "மூணுதானம்மா வுழுந்துச்சி?"

"ஆமாண்ணா."

"நான் ஒண்ணும் பாக்கல." வருகைப் புத்தகத்தில், காரணம் என்ற இடத்தில் 'குடும்ப விஷயம்' என்று எழுதிக்கொண்டார்.

நவம்பர் 18, திங்கள்

நல்ல மழை. ஷிப்மென்ட் போயிற்று. லாரி கேட்டைத் தாண்டும்போதே அடுத்த ஆர்டரின் சாம்பிள் மேசைக்கு வந்துவிட்டது.

ஐந்தரைக்கு லாக்கரிலிருந்து ஃபோனை எடுத்தேன். மதியம் ஏர்போர்ட்டிலிருந்து ரஃ. அனுப்பியது:

'மூணுன்னு நானும் பாத்தேன்டி. கண்ணாடி போட்டதுலேர்ந்து எல்லாம் நல்லா தெரியுது. நீ பொய் சொல்லி நான் பாத்ததே இல்ல. அழுதுனே வந்தேன் மெட்ராஸ் வரைக்கும். அங்க போய் செட்டில் ஆனதும் நான் கதை சொல்றேன், நீ ஆடு. ஆட்டத்துல உனக்குன்னு ஒரு ஆள் இருந்ததே இல்லல்ல? பேரு இன்னா, எங்க போவணும்னு இருக்கா, அத மட்டும் இப்பவே அனுப்பு.'

ரயிலில் எழுதுகிறேன். ஆடிய மூன்று பாத்திரங்களுக்கும் அவர்கள் சந்தித்த அத்தனை பேருக்கும் நான்தான் பேர் வைத்தேன், நூறாவது இருக்கும். வாணியம்பாடி தாண்டிவிட்டது. இன்னும் ஒரு பேரும் வரவில்லை.