வளைவின் நிழலில் கொடுத்த வாக்கு

அக்டோபர் 9
இன்றும் ரம் பள்ளத்தாக்கின் பாறை வளைவுக்கு இரண்டு வண்டி வெளிநாட்டுக்காரர்கள். பாறையேறி வளைவின் முதுகில் நின்று கையை விரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் வழக்கம்போல் கீழே காப்பி காய்ச்சினேன். ஜீப்பில் ஆள் ஏற்றிவந்து இந்த வளைவைக் காட்டித்தான் பிழைக்கிறேன். ஒருமுறைகூட மேலே போனதில்லை. முழங்கால் வலி என்று சொல்லிக்கொள்வது. "வலி முழங்கால்லயா, மனசுலயா வாப்பா?" என்பாள் நூஃபா. என் மகளுக்கு அந்தப் பயமே இல்லை. பூங்கா அலுவலகம் அவளுக்கு வழிகாட்டி அனுமதி கொடுத்துவிட்டது. அடுத்த மாதம் முதல் பெண்களை அவளே மேலே கூட்டிப்போவாள்.

அக்டோபர் 12
வாயா இது!
வளைவின் அடியில் இருந்தேன். மூத்த அண்ணன் சுவைலிம் வந்து உட்கார்ந்தார், கூட இரண்டு பெரியவர்கள். காப்பி ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் மணலில் வைத்தார். அப்படி வைத்தால் ஏதோ கேட்க வந்திருக்கிறார்; தருகிறேன் என்று சொன்னால்தான் குடிப்பார். மேலே ஒரு வெள்ளைக்காரி இறங்கத் தெரியாமல் அலறிக்கொண்டிருந்தாள்; என் கவனம் பாதி அங்கே. அண்ணன் போன வாரம்தான் என் ஜீப்பைக் கேட்டார். அதுதான் என்று நினைத்து, "குடிங்கண்ணே, கேட்டு வந்தது உங்களுக்குத்தான்" என்றேன்.
ஒரே மடக்கு. "அப்ப நூஃபா என் மகன் அதீக்குக்கு. அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்."
பெரியவர்கள் தாடியைத் தடவினார்கள்.
ஜீப்பாக இருந்தால் இரண்டு நாளில் திரும்பி வந்திருக்கும்.

அக்டோபர் 13
மனைவி ஸப்ஹாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ரொட்டித் தட்டைச் சத்தமாக வைத்தாள்.

அக்டோபர் 17
அண்ணன் விருந்துக்கு ஆடு பார்க்கிறார். மருமகளான பிறகு நூஃபா பாறை ஏறமாட்டாள் என்று ரம் பள்ளத்தாக்கு முழுக்கச் சொல்லியும் விட்டார். எங்கே போனாலும் வாழ்த்து. பெட்ரோல் போடப் போனால் அங்கேயும் வாழ்த்து. பல்லைக் காட்டுகிறேன். வேறென்ன செய்ய?

அக்டோபர் 20
நூஃபாவிடம் மெதுவாக ஆரம்பித்தேன். "நீ சம்மதம் இல்லைன்னு சொல்லிட்டா மார்க்கப்படி முடிஞ்சுதும்மா..."
கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "சொல்றேன். ஒரு நிமிஷ வேலை. அப்புறம் வாப்பா வாக்கை மிதிச்ச பொண்ணுன்னு எனக்குப் பேரு. எந்தப் பொம்பளை என்னை நம்பி மேல வருவா? வாக்குக் கொடுத்தது நீங்க."
மகள் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேனா? பார்த்தேன்.

அக்டோபர் 21
வாக்கு மாறினால் எவன் என்னோடு உட்காருவான்? மாறாவிட்டால் — நூஃபா என் முகத்தைப் பார்ப்பாளா? இவ்வளவு பெரிய பாலைவனம், திரும்ப இடமில்லை.

அக்டோபர் 24
ஜும்ஆ முடிந்து அண்ணன் கூடாரத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். "அண்ணே, என்னன்னு கேக்காமலே குடுத்துட்டேன். தப்பு என்னோடது. வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கிறேன். நூஃபாவுக்கு இதுல பங்கில்ல."
"ஆம்பிளையாடா நீ?"
"எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டுண்ணே."
ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு ஊற்றிய காப்பியை அண்ணன் மணலில் கவிழ்த்தார்.

நவம்பர் 2
மற்ற ஓட்டுநர்கள் என்னைக் கண்டதும் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டுகிறார்கள். என்னை நானே கேலி செய்தவரைக்கும் இனித்தது.

நவம்பர் 8
நாலு பெண்கள். நான் வண்டி ஓட்டினேன், நூஃபா மேலே கூட்டிப்போனாள். கீழே அடுப்பு மூட்டினேன். வளைவின் மேலிருந்து குரல்: "வாப்பா! நேர் கீழ உக்காராதீங்க, கல்லு உருளும். தள்ளிப் போங்க!"
கெட்டிலைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தேன்.
"இன்னும்!"
இன்னும் நகர்ந்தேன்.