முப்பத்தெட்டாம் கார்டு

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நீங்களும் சகலையும் சின்னவளும் சௌக்கியம் என்று படித்து நிம்மதி. நான் வேலைக்குப் போய் வருகிறேன். சாப்பிடுகிறேன். வேளாவேளைக்கு என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் எழுதவில்லை.

நீங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தீர்கள். துணிமணி வேண்டாம், நகை வேண்டாம், என் தங்கச்சி கடைசியா கையால எழுதினது ஏதாவது இருந்தா அதை மட்டும் அனுப்புங்க தம்பி என்று. இருந்தது அக்கா. அந்தச் செவ்வாய்க்கு முந்தைய வெள்ளிக்கிழமை வரை என்னிடம்தான் இருந்தது. இப்போது இல்லை. உங்கள் கடிதம் அஞ்சு நாள் முன்னால் வந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேனோ என்னவோ. இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் பாதியில் நின்றுவிடுகிறேன், நீங்கள் லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்கிறீர்கள்.

பள்ளிக்கூடத்தில் அவள் பார்த்த வேலை உங்களுக்குத் தெரியும். கடைசி வருடப் பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, அடுத்து என்ன படிக்கலாம், எந்த வேலைக்குப் போகலாம் என்று பேசுகிற டீச்சர். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கார்டு. அறுபத்தொரு கார்டு, ஒரு செருப்புப் பெட்டியில். அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த செவ்வாய்க்கிழமை அந்தப் பெட்டி எங்கள் சாப்பாட்டு மேஜையில்தான் இருந்தது. வெறும் காய்ச்சல்தானே, புதன்கிழமை ஸ்கூலுக்குப் போயிடுவேன், பெட்டி அங்கேயே இருக்கட்டும் என்றாள். நாலு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

பெட்டியைக் கேட்டுப் பள்ளி ஆபீஸ் உதவியாளர் இரண்டு முறை வந்தார். முதல் முறை நான் கதவைத் திறக்கவில்லை. அன்றைக்குத்தான் கார்டுகளைப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. எனக்கு அவள் எழுதி வைத்ததெல்லாம் பால் வாங்கவும், கேஸ் சொல்லவும் என்கிற துண்டுச் சீட்டுகள்தான். இந்தப் பிள்ளைகளுக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாள். ஒருவனுக்கு, இவன் வாயைத் திறந்தால் கூட்டமே சிரிக்கிறது, விற்பனை வேலைக்குப் போனால் பிழைத்துக்கொள்வான், ஆனால் காலையில் எழுந்திருக்க வேண்டும் என்று. ஒருத்திக்கு, நர்ஸ் ஆக வேண்டும் என்கிறாள், ரத்தம் பார்த்தால் மயங்குகிறாள், ஆய்வுக்கூடப் பக்கம் திருப்பிவிடலாமா என்று. என்னைப் பற்றி ஒரு வரி இருக்குமா என்று அறுபத்தொரு கார்டிலும் தேடினேன். இல்லை. ஏன் இருக்கப் போகிறது? நான் அவளுடைய மாணவனா? தெரிந்தும் தேடினேன்.

அறுபது கார்டில் மேலே விருப்பம் என்ற இடத்தில் பேனாவால் எழுதியிருந்தது. முப்பத்தெட்டாம் கார்டில் மட்டும் பென்சில். அந்தக் கார்டுக்குரிய பெண்ணைப் பற்றி வீட்டில் நிறையப் பேசியிருக்கிறாள். பல்லுக்காரி இன்னைக்கும் வந்துட்டா என்று சிரிப்பாள். நான் பாட்டுக்கு மறுநாள் வேலைக்கான லிஃப்ட் வயரிங் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு ம் கொட்டுவேன், யாரோ எடுப்பான பல் உள்ள பெண் என்று நினைத்துக்கொண்டு. கார்டைப் பார்த்தபிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்குச் செயற்கைப் பல் செய்யும் தொழில் படிக்க வேண்டுமாம். மூன்று மாதத்தில் ஒன்பது முறை வந்து, தயங்கித் தயங்கிப் பேசியிருக்கிறாள், வந்த தேதிகள் கார்டின் பின்பக்கம் இருந்தன. தடவைக்கு இருபத்தைந்து நிமிடம் என்றால் மூணே முக்கால் மணி நேரம். அந்த மூன்று மாதத்தில் என் மனைவி என்னோடு உட்கார்ந்து ஒரே விஷயத்தை மூணே முக்கால் மணி நேரம் பேசினாளா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேண்டாம் அக்கா, விடுங்கள்.

கார்டின் அடியில் மூன்று வரிகள். ஒன்று, பல் செய்யப் படிக்கணும் என்கிறாள். இரண்டு, மறுபடியும் அதே, அப்பாவுக்குப் பயப்படுகிறாள், பல்லுக்குப் பயமில்லை. மூன்று என்று போட்டு, புதன்கிழமைத் தேதி எழுதி, பக்கத்தில் ஒன்றுமில்லை. திங்கட்கிழமை இரவு மேஜையில் அவள் எழுதியது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் கடைசி எழுத்து.

உதவியாளர் இரண்டாம் முறை வந்தபோது பெட்டியைக் கொடுத்தேன். அறுபது கார்டோடு. முப்பத்தெட்டை எடுத்து என் டூல் பையின் உள் ஜிப்பில் வைத்துக்கொண்டேன். இத்தனை பேருக்கு இவ்வளவு கொடுத்தாளே, எனக்கு ஒன்று கூடவா கூடாது என்று.

இரண்டே நாளில் புது டீச்சர் போன் செய்தார். அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவளுடைய மேஜைப் போனிலிருந்து. குரல் நல்ல குரல்தான், எனக்குத்தான் பிடிக்கவில்லை. சார், முப்பத்தெட்டு மட்டும் காணோம், வீட்டுல எங்கயாவது விழுந்திருக்கான்னு பாருங்களேன் என்றார். பல் செய்யும் பயிற்சி நிலையத்துக்குப் பள்ளியிலிருந்து இரண்டு பேரைத்தான் அனுப்ப முடியுமாம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பெயர் போக வேண்டுமாம், விண்ணப்பத்தோடு அந்தக் கார்டும் சேர்ந்து போக வேண்டுமாம். கார்டு இல்லாவிட்டால் அந்தப் பொண்ணோட அப்பா எழுதிக் கொடுத்த மாதிரி கணக்கியல் படிப்புக்குத்தான் போடணும் சார் என்றார். நான் தேடிப் பார்த்தேன், இல்லை என்று சொன்னேன். கார்டு இருந்த டூல் பை என் காலடியில்தான் இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் அந்தப் பெண்ணே வீட்டுக்கு வந்துவிட்டாள். பல் எல்லாம் சாதாரணப் பல்தான். நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று, சார், மிஸ் என்னை மூணாவது தடவை வந்து சொல்லச் சொன்னாங்க, நான் சொல்றதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு என்றாள். எதை மூணாவது தடவை என்று கேட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் சார், வேற வேற நாள்ல வந்து, இதுதான் என் முடிவுன்னு மூணு தடவை ஒரே விஷயத்தைச் சொல்லணும், அப்பத்தான் மிஸ் பென்சிலை வெச்சுட்டுப் பேனா எடுப்பாங்க, அதுக்கப்புறம் யார் வந்து கத்தினாலும் மாத்த மாட்டாங்க, எங்கப்பாகிட்டயும் அவங்கதான் பேசறதா சொன்னாங்க என்றாள்.

நான் கதவைச் சாத்திவிட்டேன் அக்கா. அந்தச் சின்னப் பெண்ணின் முகத்துக்கு நேராக.

ஏன் என்று உங்களுக்குத்தான் சொல்ல முடியும். டீச்சராவதற்கு முன்னால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் அவள் வேலை பார்த்த காலத்தில், அந்தக் கட்டடத்து லிஃப்ட் அடிக்கடி மூன்றாவது மாடியில் அரை அங்குலம் கீழே நிற்கும். அதைச் சரி செய்யத்தான் நான் போவேன். நாலாம் முறைக்கு மேல் லிஃப்டில் குறையே இல்லை, நான்தான் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் கையெல்லாம் கிரீஸோடு, என்னைக் கட்டிக்கிறீங்களா என்று கேட்டுவிட்டேன். இன்னொரு நாள் வந்து கேளுங்க என்றாள். அடுத்த வாரம் கேட்டேன். இன்னும் ஒரு தடவை என்றாள். மூன்றாவது தடவை நான் வாயைத் திறப்பதற்குள் சிரித்துவிட்டாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் அம்மாவிடம் கூட. உலகத்தில் எனக்கு மட்டும் நடந்தது என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அதை நிலைப்படியில் நின்று ஒரு பள்ளிக்கூடப் பெண் எல்லாருக்கும் அப்படித்தான் சார் என்கிறாள். எல்லாருக்கும். ரத்தம் பார்த்து மயங்குகிறவளுக்கு, காலையில் எழுந்திருக்காதவனுக்கு. அறுபத்தொரு பேர், இந்த ஒரு வருடத்துக்கு மட்டும்.

வியாழக்கிழமை ஒரு குடியிருப்பில் லிஃப்ட் கதவு சரியாக மூடவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். மேலே ஏறிப் போய், மெஷின் ரூமில் உட்கார்ந்து, பேனலைத் திறக்காமலே, பார்த்தேன் குறை இல்லை என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினேன். எட்டு வருடத்தில் பார்க்காததைப் பார்த்ததாக நான் எழுதியதே கிடையாது. இரண்டு மாடி இறங்கியபிறகு, புது டீச்சரிடம் சொன்னது காதில் கேட்டது. தேடிப் பார்த்தேன், இல்லை. அதே கை, அதே பொய். திரும்ப ஏறிப் போய்ப் பேனலைத் திறந்தேன். கதவு மூடினால்தான் லிஃப்டை நகர விடும் காண்டாக்ட், கருகி ஒட்டிக்கொள்கிற நிலையில் இருந்தது. இரண்டு நாள் விட்டிருந்தால் கதவு திறந்தபடியே லிஃப்ட் நகர்ந்திருக்கும். மாற்றிவிட்டு, பதிவேட்டில் என் வரியை அடித்துத் திருத்தினேன்.

வெள்ளிக்கிழமை காலை லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். புது டீச்சரிடம் கார்டைக் கொடுத்து, நான்தான் எடுத்து வெச்சிருந்தேன் என்றேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். உட்காருங்க சார் என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணை வகுப்பிலிருந்து கூப்பிட ஆள் அனுப்பினார். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தப் பெண் வந்தாள். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் எழுந்து, அன்னைக்குக் கதவைச் சாத்தினது தப்பு என்றேன். பரவால்ல சார் என்றாள். மூணாவது தடவை சொல்லணும்னியே, சொல்லு என்று டீச்சர் சொன்னார். அவள் டீச்சரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த கார்டைப் பார்த்து, எனக்குப் பல்லு செய்யத்தான் மிஸ் படிக்கணும் என்றாள். அந்த மிஸ் என்கிற வார்த்தை இருக்கிறதே அக்கா, அப்படி ஒரு உரிமையோடு சொன்னாள். அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க மாட்டேன்.

டீச்சர் பேனாவை எடுத்தார். அங்கேதான் எனக்குத் தாங்கவில்லை. உங்கள் தங்கையின் பழக்கம், பென்சில் எழுத்தின் மேலேயே பேனாவை ஓட்டிவிட்டுப் பென்சிலை அழிப்பது. மற்ற கார்டுகளில் உற்றுப் பார்த்தால் தடம் தெரியும். இன்னொரு கை அதன் மேல் ஓடுவதா? நான் டிராயிங் படிச்சவன் டீச்சர், மை போடறதை மட்டும் நான் செய்யறேன், கையெழுத்து நீங்க போடுங்க என்று கேட்டேன். டிப்ளமோவில் முதல் வருடம் முழுக்க எங்களுக்கு அதுதான் வேலை, பென்சில் கோட்டின் மேல் மயிரிழை பிசகாமல் மை கோடு போடுவது. டீச்சர் கார்டை என் பக்கம் நகர்த்தினார்.

செயற்கைப் பல் செய்யும் தொழில். நாலே வார்த்தை. கால் மணி நேரம் ஆனது. உங்கள் தங்கை ழி எழுதும்போது வாலை எவ்வளவு நீளமாக இழுப்பாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ப எழுத எங்கே அழுத்துவாள், எங்கே கை எடுப்பாள் என்று தெரிந்தது. அவள் கை போன வழியில் என் கை போனது. மை காய்ந்ததும் பென்சிலை நானே அழித்தேன். மூணு என்று போட்டிருந்த இடத்தில் டீச்சர் தன் கையால், இன்று வந்து சொன்னாள் என்று எழுதினார். கார்டு மதியமே கிளம்பிவிட்டது. அந்தப் பெண்ணின் அப்பாவிடம் டீச்சர் பேசுகிறாராம். பேசட்டும்.

உங்களுக்கு அனுப்ப என்னிடம் இருப்பது, அழித்தபோது விழுந்த ரப்பர் தூள்தான். ஊதிவிடாமல் ஒரு தாளில் கூட்டி மடித்து வைத்திருக்கிறேன். பைத்தியம் என்று நினைக்காதீர்கள். பாதியை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பிரியுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் இருவரும் ஒரே அறையில் வளர்ந்தவர்கள். எதையும் மூன்று தடவை கேட்க வைப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கமா, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வந்தவர்களிடமும் அப்படித்தான் செய்தாளா, இல்லை என்னிடம்தான் முதலில் செய்து பார்த்து, அது சரியாக வந்ததால் பிள்ளைகளுக்கும் வைத்தாளா?

இப்போதே பதில் எழுத வேண்டாம் அக்கா. இது முதல் தடவைதான். இன்னும் இரண்டு தடவை கேட்பேன், அதற்குப்பிறகு சொல்லுங்கள். அதுவரை உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், சின்னவளை நிறையப் பேச விட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் வீட்டுக்காரன்