குழுவில் பதில் சொன்ன குற்றம்

இன்று காலை கிருஷ்ணகிரியில் ஒரு பொறியியல் கல்லூரிக்குச் செய்தி சேகரிக்கப் போனேன். விழா மாடியில், பயிற்சிப் பட்டறை கீழே. படியேறும்போது கூலன்ட் வாடை அடித்தது. இரும்பை வெட்டும்போது சூடு தணிய ஊற்றுவார்களே, அந்தப் பால்நிறத் தண்ணீரின் புளித்த வாடை. ஞாயிற்றுக்கிழமையும் உன் சட்டையை விட்டுப் போகாத வாடை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டேன். பின்னால் வந்த புகைப்படக்காரர், "என்ன சார், மூச்சு வாங்குதா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

மேலே திரையில் புள்ளிகளும் கோடுகளுமாக ஒரு படம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு தொழிலாளியாம், கோடுகள் அவர்களை இணைக்கும் இணையமாம். ஓசூர்த் தொழிற்சாலை ஒன்று தன் ஆட்களுக்கு நடத்தப்போகும் இணையவழிப் பயிற்சியின் தொடக்க விழா அது. உன்னை வெளியே அனுப்பிய அதே தொழிற்சாலை.

இதையெல்லாம் நீ முன்பே செய்துவிட்டாய். ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டரில், மின்விசிறி இல்லாத மூலையில் உட்கார்ந்து செய்தாய். நான் செய்தி அனுப்ப அங்கே வருவேன், நீ ஷிப்ட் முடிந்து நேராக வருவாய். அப்படித்தான் பழகினோம். கடைக்காரர் தளிப் பக்கத்துக் கன்னடக்காரர். "கை தொடச்சிட்டு பாங்க சார், கீபோர்டு பூரா ஆயில்" என்று கன்னடம் கலந்த தமிழில் தினமும் சலித்துக்கொள்வார். "ஆயில் போட்டாத்தான்யா எதுவும் ஓடும்" என்பாய் நீ. கோவில்பட்டிப் பேச்சு உன்னிடம் கடைசிவரை மாறவில்லை.

கணினியில் இயங்கும் கடைசல் எந்திரங்களை ஓட்டுகிறவர்களுக்காக நீ தொடங்கிய இணையக் குழு அது. ஓசூர், பெங்களூர், கோவை, புனே என்று எங்கிருந்தோ கேள்விகள் வரும். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துக் கேட்பார்கள். வெட்டும் டூல் ஒடிகிறது, அளவு தப்புகிறது, சூப்பர்வைசர் திட்டுகிறார். உனக்குத் தெரியாததைப் புனேக்காரர் சொல்வார், அவருக்குத் தெரியாததை யாரோ ஒரு புதியவர் சொல்வார். நீ ஒரே ஒரு விதி வைத்திருந்தாய். கேட்டவர் மறுநாள் வந்து, சொன்னபடி செய்து பார்த்ததில் என்ன ஆனது என்று எழுத வேண்டும். எழுதாதவருக்கு அடுத்த பதில் கிடையாது. அதனால் தோற்றுப்போன யோசனைகளும் குழுவில் பதிவாகின. "உம்ம பேப்பர்ல நேத்து நடந்ததுதான் வரும், நிருபரே. இங்க நாளைக்கு ஓடப்போற மெஷினே வருதுவே" என்று என்னைச் சீண்டுவாய்.

எல்லாரும் புனைபெயரில் எழுதினார்கள். நீ மட்டும் சொந்தப் பெயரில் எழுதினாய். "பேர் போடாம சொன்னா எவன் நம்புவான்?" என்றாய்.

உன் தொழிற்சாலையிலேயே அடுத்த ஷிப்டில் இருந்த ஒருவன், திருகு வெட்டும்போது டூல் ஒடிகிறது என்று குழுவில் கேட்டான். எளிதாகப் புரியட்டும் என்று வேலையின் வரைபடத்தை அப்படியே ஸ்கேன் செய்து போட்டுவிட்டான். அதன் மூலையில் வாடிக்கையாளர் நிறுவனத்தின் பெயர் இருந்தது. நீ கீழே பதில் எழுதினாய்: "டூலைக் குறை சொல்லாதே. முதலில் பீஸைப் பிடித்திருப்பது ஆடுகிறதா பார்." வரைபடம் வெளியே போனது நிர்வாகத்துக்குத் தெரிந்தபோது, அந்தப் பக்கத்தில் அடையாளம் தெரிந்த பெயர் உன்னுடையது ஒன்றுதான். குழுவின் பக்கங்களை எல்லாம் அச்செடுத்து, ரகசியத்தைக் கசியவிட்டதாக உன்மேல் விசாரணை வைத்தார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் தொழிற்சாலைக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு அவனை வரச்சொன்னாய். நானும் பக்கத்தில் இருந்தேன். அவன் டீயைக் குடிக்கவே இல்லை. "எனக்கு இப்பத்தான்ணா வேல கன்பர்ம் பண்ணாங்க. நான் ஒத்துக்கிட்டா என்னையும் சேத்து அனுப்பிருவாங்க. உங்களுக்கு வேல தெரியும்ணா, எங்க போனாலும் எடுத்துக்குவாங்க" என்றான். அவன் போனதும், "பேரைச் சொல்லித் தொலையேன்" என்றேன். "நான் சொன்னா அது காட்டிக்குடுத்த மாதிரி வே. அவனா வந்து சொல்லட்டும்" என்றாய்.

அன்றே குழுவிலும் கேட்டாய். அந்த வரைபடத்தைப் போட்டது இவர் இல்லை, இவர் பதில் மட்டும்தான் சொன்னார் என்று யாராவது ஒருவர் தன் பெயரோடு எழுதிக்கொடுங்கள் என்று. உன்னிடம் கேட்டுக் கேட்டு வேலை கற்றவர்கள் அத்தனை பேர். ஒருவர் மட்டும் 'டேக் கேர் அண்ணா' என்று எழுதினார். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் பதிவுகளை அழித்துவிட்டு விலகினார்கள். ஆளில்லாத குழுவை நீயே மூடினாய்.

வேலை போனது. ஓசூரில் எந்த கம்பெனி கேட்டில் போய் நின்றாலும், பழைய இடத்துக்கு போன் போட்டு விசாரித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு சின்னப் பட்டறையில் கையால் இயக்கும் பழைய எந்திரத்தில் நின்றாய். அங்கேதான் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து, எழாமலே போனாய்.

இன்று மேடையில் பயிற்சியை விளக்கியவன், அன்று வரைபடத்தைப் போட்ட அவன்தான். பயிற்சிப் பிரிவின் அதிகாரி. மாதிரிப் பாடம் ஒன்றைத் திரையில் காட்டினான். "டூலைக் குறை சொல்லாதே" என்று தொடங்கியது. உன் வாக்கியம், எழுத்து மாறாமல். குழுதான் அழிந்துவிட்டதே, உனக்கு எதிராக அச்செடுத்து வைத்த பக்கங்களைத் தவிர இது வேறு எங்கிருந்து வந்திருக்கும்? எழுந்து, "இந்தப் பதில் யார் எழுதியது?" என்று கேட்டேன். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டான். "எல்லாரும் சேர்ந்து உருவாக்கினது சார்" என்றான். கைதட்டினார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் என்னை ஓரமாக அழைத்துப்போனான். "அண்ணன் கடைசியா என்னைப் பத்தி எதாச்சும் பேசுனாரா சார்?" என்றான். பொய் சொல்லியிருக்கலாம். உன் சாபம் என்று ஒன்றை நானே கட்டி அவன் தலையில் வைத்திருக்கலாம். ஆனால் டீக்கடையிலிருந்து எழுந்த பிறகு நீ அவன் பேச்சையே எடுத்ததில்லை. "இல்லை" என்றேன்.

அவன் முகம் தெளிந்துவிட்டது. "அவரு மனசு அப்படி சார்" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு வரிசையில் போய் நின்றுகொண்டான்.

ஒரே ஒரு முறையாவது அவனை வாய்விட்டுத் திட்டியிருக்கலாம் நீ. திட்டாமல் போய்விட்டாய். அவன் நிம்மதியாகச் சாப்பிடுகிறான். நீ படாத கோபத்தையும் சேர்த்து நான் பட்டுக்கொண்டிருக்கிறேன்.