செல்வியின் நெஞ்சுக்குள் ஓடும் பம்பு

மே 4, திங்கள்

வெயில். காலையிலேயே கரண்ட் கம்பம் கொதிக்கிறது. தொப்பூர் பக்கம் லைன் வேலை.

ஆறரைக்கு செல்விக்கு டிரெஸ்ஸிங். வயிற்றில் ஒயர் வெளியே வரும் இடத்தில் சீழ் இல்லை, சிவப்பு இல்லை. காய்ச்சலும் இல்லை.

பெங்களூரில் பம்பு வைத்து ஏழு மாதம். இதயத்துக்கு ரத்தத்தைத் தள்ளத் தெம்பில்லை, பம்புதான் தள்ளுகிறது. ஒயரின் மறுமுனையில் இடுப்புக் கருவி, தோள்பையில் இரண்டு பேட்டரி. தூங்கும்போது சுவர் பிளக்.

சத்துணவுக் கூடத்தில் அத்தனை பிள்ளைகளுக்குச் சமைத்தவள். ஏழு மாதமாக, ஆஸ்பத்திரிக்குத் தவிர, வாசல் தாண்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கோயில் பூசைக்குக்கூட வருவதில்லை. “யாரும் என்னப் பாக்கறதில்லைங்க, பையத்தான் பாக்கறாங்க.”

வாங்க வேண்டியது: பஞ்சு, பிளாஸ்டர், கோழித் தீவனம்.

மே 6, புதன்

பராமரிப்புக்காக மின்தடை, ஒன்பது முதல் ஐந்து வரை. எங்கள் ஊர் லைனை நான்தான் நிறுத்த வேண்டும். கம்பத்தடியிலிருந்து வீட்டுக்கு போன்.

“செல்வி, நிறுத்தட்டுமா?”

“பேட்டரிக்கு மாத்திட்டேங்க. நிறுத்துங்க.”

ஹெல்பர் மாது சிரித்தான். “என்னண்ணே, லைன் நிறுத்த வூட்டுக்காரிகிட்ட பெர்மிஷனா?” பிறகுதான் ஞாபகம் வந்தது போல. மதியம்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. பாவம்.

மே 7, வியாழன்

நாலு மணிக்கு ஆலங்கட்டி மழை. பேய்க் காற்று. ரோட்டில் புளியமரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. தருமபுரிக்கு வண்டி போகாது. டவர் இல்லை, போன் இல்லை. கம்பங்கள் எத்தனை விழுந்தன என்று இன்னும் தெரியவில்லை.

இடியில் இன்வெர்ட்டர் போய்விட்டது.

பேட்டரி மூன்று ஜோடி. இரண்டு முழுசு, ஒன்று பாதி. ஜோடிக்கு எட்டு மணி நேரம். திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். நாளை மதியம் வரை.

செல்வி அடுப்படிக்குப் போனாள். ரசம் வைத்தாள்.

மே 8, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

விடிந்ததும், விழுந்த கம்பங்களை நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு எங்கள் மின்வாரிய ஆபீசர் பைக்கை வயல் வழியாக ஓட்டிக்கொண்டு வந்தார். எங்கள் ஊர் லைனில் நாலு கம்பம் உடைசல், சாயங்காலமாகிவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்து லைனில் கம்பி அறுந்ததும் ஒரு கம்பம் சாய்ந்ததும்தான். அங்கே இரண்டு பிரசவம் காத்திருக்கிறது. அவருக்கு என் வீட்டு நிலைமை தெரியும். தரையைப் பார்த்தபடி கேட்டார்.

“நீங்களே சொல்லுங்க, எது மொதல்ல?”

எங்கள் ஊர் என்று வாய்வரை வந்தது. அதை முடிப்பதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும் என்பதும் தெரியும். ஆஸ்பத்திரி லைன் வந்தால் அவளை அங்கே கொண்டுபோகலாம். “ஆஸ்பத்திரி சார்” என்றேன். வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வர அரை மணி ஆகும். போகவில்லை.

கம்பத்தில் ஏறி இறங்கியதெல்லாம் சரியாக நினைவில்லை. மாது கீழே நின்று “அண்ணே, மெதுவா, மெதுவா” என்று கத்திக்கொண்டே இருந்தான். பத்து நாற்பதுக்கு லைன் விட்டோம். அவளைக் கூட்டிவர வேலை உடையோடு வண்டியை எடுத்தேன். வழியில், ஆஸ்பத்திரி வாசலில் பக்கத்து வீட்டு மாதம்மாவின் ஸ்கூட்டி.

உள்ளே பெஞ்சில் செல்வி. சார்ஜர் பிளக்கில், பேட்டரிகள் அதில். நர்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றார்.

“ஐயோ, நாடியே கெடைக்கலையேம்மா!”

“கெடைக்காதுங்க சிஸ்டர். பம்பு நிக்காம ஓடிட்டே இருக்குது, அதான் துடிப்பு தெரியாது. நான் பேசறன் பாருங்க, நல்லாத்தான் இருக்கறேன்.”

சுற்றிலும் கூட்டம். பையை மூடவில்லை, முந்தானையால் மறைக்கவில்லை. ஒரு கிழவிக்கு ஒயரைக் காட்டி விளக்கம் வேறு.

“இங்க கரண்ட் வரும்னு உனக்கு யார் சொன்னா?” என்றேன்.

“யாரு சொல்லணும்? ஆஸ்பத்திரி லைனத்தான் நீங்க மொதல்ல எடுப்பீங்க. அதான் ஒம்பதுக்கே வந்து உக்காந்துட்டேன்.”

வெளியே போய்க் குழாயடியில் முகம் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன்.

ஒரு பிரசவம் முடிந்தது. பெண் குழந்தை.

மே 10, ஞாயிறு

வானம் தெளிவு. நேற்று மாலை எங்கள் ஊருக்கும் கரண்ட். இன்வெர்ட்டர் ரிப்பேருக்குப் போயிருக்கிறது.

டிரெஸ்ஸிங் போடும்போது திடீரென்று கேட்டாள். “பெங்களூர்ல நான் நெனவில்லாம கெடந்தப்ப, ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் யோசிச்சீங்க?”

ஏழு மாதமாக இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

“யோசிக்கல. பேனாவப் புடுங்கிக் கையெழுத்துப் போட்டேன்.”

பிளாஸ்டரின் ஓரத்தை அவளே அழுத்தி ஒட்டினாள்.

“என்னக் கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்.”

“தெரியும்.”

“நல்லவேளை, நெனவில்லாம கெடந்தேன்.”

கத்திரியைக் கீழே வைத்தேன். எட்டு மணிப் பூசைக்கு நேரமாகிறது, சட்டையை மாற்றுங்கள் என்கிறாள், தோள்பையை மாட்டிக்கொண்டே.