நேர்ந்துவிட்ட கருங்கிடா

பிப்ரவரி 20, 1974
வந்துவிட்டது! ஜீப்பிலிருந்து இறங்கிய சீமைக்கிடாவைப் பார்க்க எஸ்டேட் லயத்து வீட்டுச் சனம் முழுக்க மிருகாஸ்பத்திரி வாசலில். வெள்ளைவெளேரென்று, கொம்பில்லாமல், கன்றுக்குட்டி உயரம். "இது ஆடா, குதிரையாய்யா?" என்று ஒருத்தன் கேட்டான். உடும்பஞ்சோலை மலையில் இப்படி ஒரு உருப்படியைக் கண்டவர் யார்! இனி நம் ஆடெல்லாம் இரண்டு படி பால் கறக்கும்.

மலையாளி டாக்டரின் உத்தரவு: கலப்பு சுத்தமாக இருக்க வேண்டும், நாட்டுக் கிடா ஒன்றுவிடாமல் காயடி. காயடிக்கும் குறடு கம்பவுண்டர் என் கையில். போதாதா?

பிப்ரவரி 27
ஐந்து எஸ்டேட். நாற்பத்தொரு கிடா. ஒன்றுக்காவது சீழ் வைத்ததா? என்னைப் போல் குறடு பிடிக்க இந்த மலையில் ஆள் இல்லை. ராமுத்தாய் காபி கொடுத்துக்கொண்டே, "பெருமைப்படுற வேலையைப் பாரு" என்றாள். என் பெண்டாட்டிக்கு என் அருமை எங்கே தெரியும்.

மிச்சம் ஒன்றே ஒன்று. ஏலக்காட்டு வேலை செய்யும் சின்னத்தாயி அக்காவின் கருங்கிடா. போனால் வாசலை மறித்து நிற்கிறாள். "கருப்பசாமிக்கு நேந்துவிட்டாச்சு. ஊனமில்லாம கொடுக்கணும். குறடோட கிட்ட வந்தே, கையை ஒடிச்சிருவேன்." நேர்ந்த அடையாளமாகக் காதை வெட்டியிருந்தாள். வெட்டில் ரத்தம்கூடக் காயவில்லை. சாமி காரியம், நான் என்ன செய்ய? டாக்டரிடம் சொன்னேன். ஐப்பசிக் கோயில் கொடையில் வெட்டப்போவதுதானே, போகட்டும் என்றார்.

ஜூன் 14
விடாத மழை. சீமைக்கிடா கொட்டிலுக்குள் சாக்கைப் போர்த்திக்கொண்டு இருமுகிறது. ரோட்டிலோ அந்தக் கருங்கிடா! கொட்டுகிற மழையில் நின்று முள்ளைக் கடித்துக்கொண்டிருக்கிறது. நாய் நனைந்தால்கூட உடம்பை உதறும். இது உதறவே இல்லை. தண்ணீர் அதன்பாட்டுக்கு வழிந்து ஓடுகிறது. தடித்தோல் பயல்.

ஜூலை 25
குட்டிகள்! புள்ளி போட்டது, வெள்ளை, பால் நிறம். முப்பத்தெட்டு! லயத்துச் செபமாலையம்மாள் தன் ஆடு போட்ட குட்டியைத் தூக்கிக் காட்டிவிட்டு எனக்கு முத்தம் கொடுக்காத குறை. நேர்ந்த கிடாவைக் கட்டிப்போட முடியுமா, அதுவும் ஊர் சுற்றி ஐந்து குட்டிக்குத் தகப்பனாகியிருக்கிறது. ஐந்தும் கறுப்பு, ஐந்தும் பெட்டை. சின்னதாய், எலிக்குஞ்சு மாதிரி.

ஆகஸ்ட் 9
சீமைக்கிடா செத்துவிட்டது. அழுதேன்.

செப்டம்பர் 16
இருமல், குளம்பழுகல், அட்டைக்கடி. இன்று மட்டும் நான்கு குட்டி செத்தது. செபமாலையம்மாள் செத்த குட்டியை என் காலடியில் போட்டுவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 2
எழுத்து கோணுகிறது, பரவாயில்லை. மருந்துப் பதிவேட்டைப் புரட்டினேன். கலப்புக் குட்டி முப்பத்தெட்டில் உயிரோடு இருப்பது ஆறு. கறுப்புக் குட்டி ஐந்தில் — ஐந்தும்! ஒன்றுக்குக்கூட நான் மருந்து கொடுத்ததாக எழுத்தில்லை! டாக்டரிடம் ஓடினேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"எடோ செல்லத்துரை, எத்தனை தலைமுறையா இந்த மழையில நிக்க முடியாததெல்லாம் செத்து, நின்னது மட்டும் குட்டி போட்டு வந்த சாதியாக்கும் இது. கீழே கம்பத்துலேர்ந்து கிடா கொண்டுவந்தாலும் ஆகாது. அது வெயிலுக்கு ஏத்த ஆடு."

எலிக்குஞ்சு என்று எழுதினேனே! எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மலைக்கேற்ற ஆடு நம் கண்ணெதிரே, நம் முள்வேலியில் மேய்ந்துகொண்டிருந்திருக்கிறது!

அப்புறம் அவர் கேட்டார்: "காயடிக்காத நாடன் கிடா எத்தனை உண்டு?"

ஒன்று. மற்றதையெல்லாம் முடித்தது யார்? நானேதான். இந்தக் கையேதான். அந்த ஒன்றுக்கும் இருபது நாளில் கொடை.

அக்டோபர் 5
சின்னத்தாயி அக்காவிடம் கெஞ்சினேன். "சாமி சொத்தைக் கேக்கியே, ஒனக்கு வெக்கமா இல்ல? நாப்பத்தொண்ணை நசுக்கும்போது எங்க போச்சு இந்தப் புத்தி?" சரியான அறை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 21
நாளை கொடை. மதியம் சும்மா இந்த நோட்டைப் புரட்டியவன் துள்ளி எழுந்துவிட்டேன். ஜூன் 14! வெட்டுமுன் தலையில் தண்ணீர் தெளித்து உத்தரவு கேட்பார்கள். கிடா உடம்பை உதறினால்தான் சாமிக்குச் சம்மதம். மூன்று தரம் கேட்டும் உதறாவிட்டால் வெட்டக் கூடாது.

இது உதறுமா? மலை மழைக்கே உதறாதது! யாரிடமும் மூச்சு விடவில்லை. ராமுத்தாயிடம்கூட. இது சாமியை ஏமாற்றுவதா? தெரியல, தெரியல.

அக்டோபர் 22
முதல் செம்பு தண்ணீர். கிடா மாலையைத் தின்றது. பூசாரி நல்லமுத்து இரண்டாவது செம்பை ஊற்றினார். கண்ணை மூடி அசைபோட்டது. சின்னத்தாயி அக்கா கைகூப்பி, உதடு மட்டும் அசைய நின்றாள். மூன்றாவது, ஒரு குடமே. ஆட்டுக்கல் மாதிரி நின்றது!

"கருப்பன் ஏத்துக்கிடலய்யா. அவுத்து விடுங்க" என்றார் பூசாரி.

நான் கத்திவிட்டேன். பக்தி என்று நினைத்துத் திருநீறு அள்ளிப் பூசினார்கள்.

ஜூன் 11, 1975
பேய்மழை. இருபத்தாறு கறுப்புக் குட்டி, அதில் பதினொன்று கிடா! ஒன்றுக்கும் இருமல் இல்லை. செபமாலையம்மாளுக்கும் ஒரு பெட்டை, தூக்கிக்கொண்டு காட்ட வந்தாள்.

சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. சின்னத்தாயி அக்காவிடம் ஜூன் 14 விஷயத்தை உளறிவிட்டேன். அடிப்பாள் என்று ஓரடி தள்ளித்தான் நின்றேன். அவள் மழைக்குப் போர்த்திய கொங்காணியை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள்.

"நாலு வருசம் வளத்தவ எனக்குத் தெரியாதாக்கும், அது தண்ணிக்கு ஒதறாதுன்னு? நீ குறடோட மேட்டு லயத்துல ஏறுறதைப் பாத்துட்டுத்தான் காதை வெட்டுனேன். வேற எதுக்கு நீ பயப்படுவே? கருப்பனுக்கு ரெண்டு சேவலைத் தனியா அறுத்துட்டேன். அவனுக்கும் விசயம் தெரியும்."

குறட்டுக்கு எண்ணெய் போட்டுப் பரணில் வைத்துவிட்டேன். நாளைக்குக் குட்டிகளுக்குக் காது அடையாளம் போட வேண்டும். அக்காவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.